நிமிர்ந்த கண்

தாம்பெரே நகரத்துப் பனியரங்கில் வெள்ளிக்கிழமை பனி ஹாக்கி ஆட்டத்துக்கு முந்தைய கடைசிப் பயிற்சி. இளையவர்களில் ஒருவனைத்தான் பெரிய அணிக்கு எடுப்பார்கள். மட்டை முனையில் சறுக்கும் கறுப்பு வட்டைக் குனிந்து பார்த்தபடி நடுவில் புகுந்த இளையவன் ஏலிஸ், மூத்த தடுப்பாட்டக்காரர் டூமோவின் தோளில் மோதி விழுந்து கிடக்கிறான். “கீழ என்னத்தடா தேடுற? பல்லு கொட்டுனா நாங்களே பொறுக்கித் தர்றோம்” என்கிறார் டூமோ. ஏலிஸ் உதட்டு ரத்தத்தைக் கையுறையில் துடைக்கிறான். “இன்னொரு தடவ வர்றேண்ணே.” வருகிறான். சறுக்குக் கத்திகள் பனியைக் கீறும் ஓசை மட்டும் கேட்கிறது. வெள்ளை வெளிச்சத்தில் வட்டு அவனோடு தானாக வருவதுபோல் இருக்கிறது; கண்கள் டூமோவின் மார்பை விட்டு அகலவில்லை. டூமோ பாய்கிற இடத்தில் அவன் இல்லை. வலை அதிர்கிறது. அரங்கின் ஓரப் பலகையில் மோதி நின்ற டூமோ, பாராட்டாக மட்டையால் பனியை மெல்லத் தட்டுகிறார். எல்லா மட்டைகளும் தட்டத் தொடங்குகின்றன. “வெள்ளிக்கிழம இவன் நம்ம பக்கமே ஆடட்டும்,” என்கிறார் பயிற்சியாளரிடம். “எதிர்ல நிக்க என்னால ஆகாது.”