விஷம் என்று ஒட்டிய பாட்டில்

பி.எச்.டி. தேர்வுக்கு வந்த பரிசோதகர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஈனெஸ் பாட்டிலின் வாயையே பார்த்தாள்.

ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பிரிந்து வரவில்லை. அம்மாடி!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது ஊருக்கே தெரியும். சோப்புப் போட்டால் ஒட்டும். அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். உமிச் சாம்பலைப் பொடித்து, அந்தத் தூளை வைத்தே இரண்டையும் கட்டிவைக்கிறேன் என்று ஈனெஸ் வீம்பு பிடித்தாள். எண்ணெய்த் துளியைச் சுற்றித் தூள் உட்கார வேண்டும். பந்தியில் இடம் பிடித்த சொந்தக்காரர்கள் மாதிரி யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. எத்தனையோ பாட்டில்கள் காலை வாரிவிட்டன. தாங்கியது ஒன்றுதான். அதுவும் பிரிந்தால் பி.எச்.டி. போச்சு.

ஆய்வகத்து ஃபிரிட்ஜ் மண்டையைப் போட்டதால் அதை வீட்டில்தான் வைத்திருந்தாள். வீட்டிலோ அம்மாவின் ஆட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான பப்பா வின்சானுக்கு ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, முட்டையும் எண்ணெயும் கடுகுத்தூளும் போட்டு அவரே கடையும் மயோனேஸுக்குத் தடை. தினமும் ஃபிரிட்ஜில் சோதனை நடக்கும்.

தன் பாட்டிலையும் அம்மா கொட்டிவிடப் போகிறாளே என்று ஈனெஸ் சிவப்பு மையில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டினாள். உள்ளே இருந்தது சமையல் எண்ணெயும் தண்ணீரும் சாம்பலும்தான். ஆனாலும் அம்மா அந்தப் பக்கம் கை நீட்டவில்லை.

இன்று காலை அவசரத்தில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக் கல்லூரிக்கு ஸ்கூட்டியை விரட்டினாள்.

பரிசோதகர் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தூளின் அளவைக் குறித்துக்கொண்டார்.

“பிரமாதம்மா! ஆனா தூள் நீ எழுதினதைவிட அதிகமா இருக்கே. அளவைத் திருத்திக் குடு, கையெழுத்துப் போட்டுடறேன்.”

தலைகால் புரியாத சந்தோஷம். வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்கு செல்லில் அடித்தாள். பப்பா எடுத்தார், சேதி கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“பிராவோ கண்ணு! ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட போட்டுக்குடுக்காத. என் மயோனேஸையும் உன் பாட்டில் ஒண்ணுல அடைச்சு, விஷம்னு ஒட்டி, உன்னுது பக்கத்துலயே ஒளிச்சு வச்சிருந்தேன். காலையில பகேத் ரொட்டியில தடவித் தின்னா, உப்பும் இல்ல ஒறைப்பும் இல்ல, பல்லுல நறநறங்குது!”

ஈனெஸ் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். உள்ளே பரிசோதகர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பப்பா, கடுகுத்தூள் எத்தனை ஸ்பூன் போட்டீங்க?”