முதுமைச் சட்டை

வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியில் கடைசித் தேர்வு, எண்பது வயது உடம்பைத் தரும் முதுமைச் சட்டையை ஒரு வாரம் வீட்டில் போட்டுக்கொண்டு இருப்பது. மாட்டிய உடனேயே முப்பத்தாறு வயது ஜெபக்கனிக்கு முதுகு வளைந்தது, முட்டி மடங்க மறுத்தது.

"நல்லா வேஷம் கட்டுதா இவ" என்றார் மாமியார் அன்னபாக்கியம். முழங்கால் வலி என்று நாலு வருடமாக அடுக்களைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்.

மத்தியானம் ஜெபக்கனி கை நடுங்கிச் சோற்றை மடியில் சிந்தியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. விருட்டென்று எழுந்து வந்தார். "வாயத் தொறடி. மெதுவா மெல்லு." மறுநாள் வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினார். அதற்கடுத்த நாள் தெருமுனை வரை நடத்திப் போனார்.

"வலிக்கி அத்தை!"

"வலிக்கத்தான் செய்யும், நட."

ஏழாம் நாள், சட்டை பதிந்து வைத்திருந்த பேச்சையெல்லாம் பயிற்சி ஆசிரியை படித்தார். "இருபத்து மூணு தடவ எரிஞ்சு விழுந்திருக்கீங்க. பொறுமை பத்தல, அடுத்த மாசம் மறுபடி தேர்வுக்கு வாங்க. ஆமா, உங்களப் பாத்துக்கிட்டது யாரு? அவங்களத் திங்கக்கிழமையே வேலைக்கு வரச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை அன்னபாக்கியம் நீலச் சீருடையில் கிளம்பினார். ஜெபக்கனி ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மதியச் சோற்றை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க அத்தை."

"நீ மேலுக்கு முடியாமப் படு, செஞ்சே காட்டுதேன். இப்பிடித் திடமா நிக்கிற மருமகளப் பாத்தா எனக்குக் கையே ஓடாது" என்றபடி அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.