ஓடக்கூடாத இடம்

கிரெக் ஓடுவதை முதலில் பார்த்தவன் அழகுமலை. நாங்கள் பைப் வரிசைக்கு மேலே சாரம் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் கையிலிருந்த ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு ஏணியைப் பிடித்தான்.

சவுதியில், ஜுபைலில் எங்கள் பிளாண்டுக்குள் யாரும் ஓடக்கூடாது. கக்கூஸ் அவசரம் என்றாலும் நடந்துதான் போக வேண்டும்.

ஒருவன் ஓடுகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ கேஸ் கசிகிறது, அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது ஏன், எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு நாமும் ஓடிவிட வேண்டும்.

சைரன் அடிக்கவில்லையே என்று கேட்கலாம். போன வருஷம் பக்கத்து யூனிட்டில் ஆள் விழுந்த பிறகுதான் சைரன் அடித்தது. அன்றிலிருந்து எங்களுக்குச் சைரனைவிட அடுத்தவன் கால்மேல்தான் நம்பிக்கை.

அதுவும் ஓடியது யார்? வெள்ளைக்கார இன்ஜினியர். தலையில் ஹெல்மெட்கூட இல்லை.

அவர் எதற்காக ஓடினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிரெக் அமெரிக்காக்காரர். சிகரெட்டைத் தொடமாட்டார். சாயங்காலமானால் கேம்ப்பைச் சுற்றி ஓடுவார். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். மார்செல் பிரான்ஸ்காரர். முருங்கைக்காய் மாதிரி உடம்பு. ஒரு சிகரெட்டில் அடுத்ததைப் பற்றவைப்பார். ஓடுவது திருடன் வேலை என்பார்.

புது யூனிட்டை ஓட்டிக்காட்ட இரண்டு மாதத்துக்கு வந்தவர்கள் இருவரும். புகை பிடிக்கிற கொட்டகையில் தினமும் கச்சேரிதான். உங்கள் ஊரில் எல்லோரும் ஊதியே சாகிறீர்கள் என்பார் கிரெக். நீங்கள் தின்று சாகிறீர்கள், தின்றதைக் கரைக்க ஓடியும் சாகிறீர்கள் என்பார் மார்செல். எங்கள் ஃபோர்மேன் சதக்கத்துல்லா பாய் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் சிரிப்போம்.

அன்றைக்கு மார்செல், பேச்சு எதற்கு, கன்ட்ரோல் ரூம் வரைக்கும் நிற்காமல் ஓடிக் காட்டு என்று சொல்லியிருக்கிறார். ஓடக்கூடாது என்று போர்டில் நாலு பாஷையில் எழுதியிருந்தது. அது எங்களைப் போன்ற கூலிக்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்தார்களோ என்னவோ. கிரெக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

நாங்கள் சாரத்திலிருந்து இறங்கி ஓடினோம். எங்களைப் பார்த்து வெல்டர்கள் ஓடினார்கள். அவர்களைப் பார்த்து பெயின்டர்கள் ஓடினார்கள்.

பெரிய டேங்கின் மேன்ஹோல் வாசலில் நாகலிங்கம் அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். டேங்குக்குள் யேசுராஜ் இருந்தான். முகமூடியும் காற்றுக் குழாயும் மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஆள் இருக்கும்வரை வாசலில் நிற்பதுதான் அண்ணனுக்கு வேலை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் யேசுராஜின் பெண்டாட்டி ரெபேக்காள், குளச்சலிலிருந்து போன் பண்ணியபோது, அண்ணனிடம் கொடுக்கச் சொல்லிப் பேசினாள்.

"அண்ணா, அவிய உள்ள நிக்கும்போ நீங்க எங்கயும் போயிராதீங்க, கேட்டியளா."

"போகமாட்டேன் தாயி" என்று அண்ணன் சொன்னதை ரூமில் எல்லோரும் கேட்டோம்.

ஓடுகிற ஓட்டத்தில் நான் அண்ணனை வரச்சொல்லிக் கத்தினேன். அவர் டேங்கைக் காட்டினார். என்னைப் போ போ என்று கையை வீசினார். நான் போய்விட்டேன்.

கன்ட்ரோல் ரூம் வாசலில் கிரெக் முகம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் நாற்பது பேர் ஓடிவருவதைப் பார்த்ததும், நாங்களும் பந்தயத்தில் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

கேஸ் எங்கே என்று பாய் கேட்டார். எந்த கேஸ் என்று கிரெக் கேட்டார்.

விஷயம் புரிந்ததும் சிரித்தோம் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. அழகுமலை மண்ணில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கு வயிறு வலித்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பாய் மட்டும் தலை எண்ணினார். இரண்டு பேர் குறைந்தார்கள்.

அண்ணன் யேசுராஜை விட்டு எப்படி வருவார், அங்கேயேதான் நிற்பார், கேஸும் இல்லை ஒன்றும் இல்லை, இனி என்ன அவசரம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

திரும்பினோம். நடந்துதான் போனோம். பிளாண்டுக்குள் ஓடக்கூடாதே.

மேன்ஹோலுக்கு வெளியே அண்ணனின் கால்கள் தெரிந்தன. இடுப்புக்கு மேலே உள்ளே இருந்தது. எட்டிப் பார்த்து யேசுராஜோடு ஏதோ பேசுகிறார் என்றுதான் நினைத்தோம். அழகுமலை பின்னால் ஒரு தட்டுத் தட்டி அண்ணே என்றான்.

அந்த டேங்கில் தீப்பிடிக்காமலிருக்க நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இரண்டு மூச்சு போதும், ஆள் சாய்ந்துவிடுவான். யேசுராஜுக்கு முகமூடி அதற்காகத்தான்.

ஆபத்து என்றால் வெளியே நின்றபடியே கயிற்றை இழுக்க வேண்டும், தலையைக்கூட உள்ளே விடக்கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியாதது இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நாற்பது பேர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்த பதற்றத்தில், தலையை உள்ளே நீட்டி யேசுராஜைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

வெளியே இழுத்துப் படுக்க வைத்தோம். பாய் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். அண்ணனின் உதடு நீலமாகியிருந்தது. கிரெக் ஓடிவந்தார், மார்செலும் ஓடிவந்தார்.

டேங்குக்குள் யேசுராஜ் சுரண்டும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கயிற்றை இழுத்து அவனை வெளியே கூப்பிட எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.