மூடியில் எழுதிய பெயர்

பதினோரு மணி வெயில் ஆய்வக ஜன்னல் வழியே மேசைமேல் இருக்கும் இரண்டு தட்டுகளில் விழுகிறது. ஒன்றில், அழுகிய பழத்தில் கண்டெடுத்து இரண்டு வருஷமாக அவள் வளர்க்கும் புது இன நூற்புழு. மற்றதில், பல புழு ஆய்வகங்களில் வளரும் அதன் நெருங்கிய சொந்தம். எது எதுவென்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. பெயர்களைத் தட்டில் எழுதாமல் மூடியில் எழுதியிருந்தாள். மூன்று நாள் முன்பு இரண்டு மூடிகளையும் ஒரே சமயத்தில் கழற்றிவிட்டாள். லென்ஸில் வாய் முதல் வால் வரை இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். அதனால் தன் கண்ணிமை முடியொன்றை ஒட்டிய குச்சியால், ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஜோடி சேராத பெண் புழுக்களைத் தூக்கி, பக்கத்து மேசையில் கடன் வாங்கிய பழைய இனத்து ஆண்களோடு தனித்தனிக் கிண்ணத்தில் விட்டாள். ஒரே இனமென்றால் முட்டை பொரியும்.

“என்னடி, மாப்பிள்ளைங்க என்ன சொல்றாங்க?” பக்கத்து மேசைத் தோழி கேட்கிறாள்.

“சும்மா இருடி, இப்பதான் பாக்கப்போறேன்.”

இரண்டாவது கிண்ணத்தில் குஞ்சுப் புழுக்கள் நெளிகின்றன. முதலாவதில் முட்டைகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. விளக்கைக் கூட்டி, லென்ஸில் பார்த்தபடி விரல்விட்டு எண்ணுகிறாள்.

“முப்பது முட்டை. ஒண்ணுகூடப் பொரியல. முதல் தட்டுதான் என்னுது!”

செத்த முட்டைக்கு இத்தனை சிரிப்பு. பேனாவைத் திறக்கிறாள். கை தன்பாட்டுக்கு மூடிக்குப் போகிறது. தோழி தொண்டையைச் செருமுகிறாள். இவள் தட்டைக் கவிழ்த்து அடியில் எழுதுகிறாள்.