கையால் படிக்கிறவள்

"அசையாமப் படு பெதேலி! நீ இப்படி நெளிஞ்சா நான் எப்படிப் படிக்கிறது?"

"ஊர்ல எல்லாரும் புத்தகத்தைப் புரட்டிப் படிக்கிறாங்க. நீ மட்டும் புருஷனைப் புரட்டிப் படிக்கிறே!"

மெரேசீனிக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை செய்முறைத் தேர்வு. தோற்றால் அடுத்த வருஷம் ஃபிஜித் தலைநகர் சுவாவின் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடமில்லை. பஸ் ஓட்டும் பெதேலி, மாதா கோயிலிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் பாயில் மல்லாந்திருந்தான்.

யாருக்கு எப்படிப் படித்தால் மண்டையில் ஏறும் என்று கண்டுபிடிக்கக் கல்லூரியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். தோழி தொரீக்காவுக்கு எழுதிப் பார்த்தால் ஏறும். மெரேசீனிக்குத் தொட்டுப் பார்த்தால்தான் ஏறும் என்று வந்தது. ஆனால் வகுப்பில் பதினைந்து பேருக்கு ஒரு நோயாளி. இவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் ஒரு மாதமாகப் பெதேலிதான் பாடப்புத்தகம்.

"இடது மார்பு, அஞ்சாவது விலா இடுக்கு... இங்கதான் துடிக்கணும். கையில ஒண்ணுமே தட்டுப்படலை. ஸ்டெதாஸ்கோப் வெச்சாலும் கிணத்துக்குள்ள கேக்கற மாதிரி இருக்கு."

"தினமும் என் நெஞ்சுலதானே தலை வெச்சுத் தூங்குறே? அப்ப கேக்குதில்ல?"

"அது தூக்கம். இது பரீட்சை!"

"என் இதயத்தை உன்கிட்டக் கொடுத்து மூணு வருஷமாச்சு. இங்க தேடினா எப்படிக் கிடைக்கும்?"

ஸ்டெதாஸ்கோப் பாயில் வந்து விழுந்தது.

"கையால படிக்கிறவளாம்! உதவாக்கரைக் கை. நாளைக்கு நான் போகலை. எங்க தீவு தவேயூனிக்கே திரும்பிப் போய் மீன் விக்கிறேன்." அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

பெதேலி அவளை அப்படியே இழுத்துப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டான்.

"நீ மீன் வித்தா உருப்பட்ட மாதிரிதான். பாதியைப் பூனைக்கே போட்டுடுவே. கொஞ்ச நேரம் படு மெரே, அப்புறம் யோசிக்கலாம்."

வழக்கமான இடத்தில் தலையை வைத்து விசும்பினாள். தடக், தடக், தடக். கல்யாணமான நாள்முதல் அவளைத் தூங்கவைக்கும் அதே சத்தம். அழுகை மெல்ல அடங்கியது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கன்னம் பதிந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்ன மெரே, என்னாச்சு?"

அவள் கை பொய் சொல்லவே இல்லை. பிறவியிலேயே வலது பக்கம் அமைந்துவிட்ட பெதேலியின் இதயம், அந்தக் கையை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தது.