மூன்றாவது எம்

“ஒரு எம் கொறஞ்சதால வந்த வினை மகள் இது,” என்று சொல்லிக்கொண்டே மக்கீன் நானா பைலை மேசையில் வைத்தார். கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, இடது காலை நீட்டியபடி கதிரையில் உட்கார்ந்தார்.

நிரஞ்சனி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றேகால். முன்னாள் படைவீரர்களுக்கான அந்த அலுவலகத்தில் பதினொன்றேகால் என்றால் தேநீர் நேரம். ஆனால் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அந்தக் காலோடு மூன்று மாடி ஏறியவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“என்ன எம்மு நானா?”

“ரெஜிமென்ட்ல மக்கீன் ரெண்டு பேர். ஒருத்தன் எம். எம். மக்கீன். மத்தவன் எம். எம். எம். மக்கீன். மெடல் கெடச்சது மூணு எம்முக்கு. டைப் அடிச்ச மனுஷன் ரெண்டு எம்மோட நிப்பாட்டிட்டார்.”

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விண்ணப்பத்தைப் புரட்டினாள். எல்லாம் ஒழுங்காக நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தது. கூடவே இணைத்திருந்த அடையாள அட்டைப் பிரதியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே கறுப்பு. கீழ்க்கடை போட்டோகொப்பி மெஷினில் எல்லோர் முகமும் அப்படித்தான் விழும் என்பதால் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“மெடல் குடுத்து முப்பத்திமூணு வருஷமாச்சு. இவ்வளவு நாளும் ஏன் நானா சும்மா இருந்தீங்க?”

“வெக்கம் மகள். வாயத் தொறக்க ஏலாமப் போச்சு.” நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “வார சனிக்கெழம மெடல்காரங்கள மேடைக்குக் கூப்பிட்டு கௌரவிக்கிறாங்களாம். கடிதம் ரெண்டு எம் ஊட்டுக்கு வந்தீக்குது. மூணு எம்முக்கு ஒண்டுமில்ல.”

“பட்டியல் இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு கொழும்புக்குப் போயிருமே! அடுத்த வருஷம் பார்ப்போமா?”

“அடுத்த வருஷம் ஆள் ஈக்கணுமே. ஆறு மாசம்தான்னு பேராதனை ஆஸ்பத்திரியில செல்லிட்டாங்க.”

நிரஞ்சனி தேநீரை மறந்தாள். கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கொம்பியூட்டரைத் தட்டினாள். இந்த மனிதரை எப்படியாவது சனிக்கிழமை மேடையேற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது.

“மெடல் எதுக்குக் கெடச்சிச்சுன்னு சொல்லுங்க. சுருக்கமா எழுதணும்.”

“முன்னால போன வண்டி கண்ணிவெடியில சிக்கி கவுந்திச்சு. பின்னால வந்த லொறிய நிப்பாட்டி, கெடந்த அஞ்சு பேரையும் ஒத்தையா தூக்கி ஏத்தி, ஒம்பது மைல் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில சேத்தது. அஞ்சு பேரும் பொழச்சிட்டாங்க. அஞ்சு பேருக்கும் இப்ப பேரப்புள்ளைகள் ஈக்குது.” நானா இடது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“இந்தக் காலு?”

“அதுவும் அன்னைக்குத்தான். எலும்பு நொறுங்கிப் போச்சு.”

“ஐயோ, நொறுங்கின காலோடயா அஞ்சு பேரத் தூக்கினீங்க!”

நானாவுக்கு இருமல் வந்தது. அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், பின்னால் பென்ஷன் படிவத்தோடு காத்திருந்த ராஜரத்தினம் எழுந்து வந்துவிட்டார். இராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் சமையல்காரராக இருந்தவர். அடுத்தவர் கதையைக் காது கொடுத்துக் கேட்பதில் சமையலைவிடத் தேர்ந்தவர்.

“அப்ப அந்த ரெண்டு எம்மு இவ்வளவு காலமும் அடுத்தவன் மெடல மாட்டிக்கிட்டா திரியிறான்? மானங்கெட்டவன்! என் குசினிக்கு வந்திருந்தா அவனுக்கு ஒரு மாசம் தீஞ்ச சோறுதான் போட்டிருப்பேன்.”

“நல்லா ஏசுங்க,” என்றார் நானா.

“கல்யாண வீட்டுக்கெல்லாம் குத்திக்கிட்டுப் போயிருப்பான்!”

“ஒரு கல்யாணம் விடல்ல.”

“தூ! இவனெல்லாம் ஒரு மனுஷனா?”

“இன்னும் ஏசுங்க. காதுக்கு நல்லா ஈக்குது.”

நிரஞ்சனிக்கும் கோபம் பொங்கியது. விரல்கள் வேகமாக ஓடின. சேவை இலக்கம், சம்பவம் நடந்த திகதி, சாட்சிகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனவள் கடைசிப் பக்கத்தில் திடீரென்று நின்றுவிட்டாள். மணி பதினொன்று நாற்பது.

“ஒரு சிக்கல் நானா. ஒரே மெடல் ரெண்டு பைல்ல இருக்க முடியாது. அந்த ஆளோட பைல்ல வெட்டினாத்தான் இதுல ஏத்த முடியும். அதுக்கு அவரே நேர்ல வந்து, ‘இது எனக்குரியதல்ல’ன்னு கையெழுத்துப் போடணுமாம்.”

ராஜரத்தினம் கைகொட்டிச் சிரித்தார். “முப்பத்திமூணு வருஷம் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தவன், இங்க வந்து தலை குனிஞ்சு கையெழுத்துப் போடுவானா? நடக்கிற காரியமாப் பேசுங்க மிஸ்.”

நானா மடியிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க நிரஞ்சனிக்குத் தாங்கவில்லை, அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

“மன்னிச்சிருங்க நானா. இருபது நிமிஷத்துல அந்த மனுஷன நான் எங்க போய்த் தேடுறது?”

“பேனாவத் தாங்க மகள். அந்த ரெண்டு எம் நான்தான்.”