மதியத்து நடுக்கம்

அணுவளவு அசைவையும் பிடித்துவிடும் ஆய்வகக் கருவியின் மென்பொருள், தினமும் சாப்பாட்டு வேளையில் மெல்லிய நடுக்கம் ஒன்றைத் திரையில் வரைந்தது. ஆய்வு மாணவி செம்மலர் காரணம் தேடிக் கிளம்பினாள். கருவியை ஒட்டிய சுவருக்கு அப்பால் சாமான் அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. ஆய்வகத்தையே சிரிக்க வைக்கிற உதவியாளர் அமல்ராஜ், அதே சுவரில் சாய்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

“எதனாலன்னு தெரிஞ்சுதாம்மா?” என்றார் பேராசிரியர்.

“ரோட்டுல லாரி போகுது சார்.”

“அப்ப அதை வடிகட்டிடு.”

மென்பொருளில் ஒரே கட்டளைதான், அவர் அழுகை தடமில்லாமல் கோடு நேராகிவிடும். ஆனால் அவளுக்கு மனம் வரவில்லை.

“வேணாம் சார். அந்த நேரத்துல கருவியை நிறுத்தி வச்சுக்கறேன்.”

“உன் கட்டுரை தள்ளிப்போகுமே?”

“போகட்டும் சார்.”

மறுநாள் மதியம் அளவீட்டை நிறுத்திவிட்டு, இரண்டு டம்ளர் டீயுடன் போய்ச் சாமான் அறைக் கதவைத் தட்டினாள்.